மஞ்சள் பேஸின் வளையம்

மச்சான்,

முந்தாநாள் நம் தோட்டத்து டீ ஹவுஸில் கரண்ட் பிரிகிற டிபி பெட்டியைத் திறந்தேன். மூடியைக் கழற்றியதும் அந்த வாடை வந்தது. ஈரம் ஏறிய தூசி, சூடான ரப்பர், செத்துக் காய்ந்த விட்டில். இந்த மலையில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் இதே வாடைதான். எப்படி அடைத்தாலும் பனி உள்ளே போய்விடுகிறது. நீ பக்கத்தில் நின்று நான்கு தும்மல் போடுவாய், போட்டுவிட்டுப் பெட்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாய். ஒரு நிமிடம் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். மறதிதான், வேறென்ன. நீ போய் மூன்று வருடமாகிறது.

புது மேனேஜர் பழைய பவர் அனலைசரைக் கழற்றிவிட்டு, போனிலேயே அளவு பார்க்கிற மாதிரி ஒன்றை மாட்டச் சொன்னார். ஐம்பத்தாறு வயதில் முட்டி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

இதைப் படிக்கும் உனக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். கரண்ட் மூன்று பேஸாக மூன்று கேபிளில் வரும், ஒவ்வொரு கேபிளும் ஒரு வளையத்துக்குள் நுழைந்து போகும். எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அந்த வளையம் அனலைசருக்குச் சொல்லும். வளையத்தின் மேல் ஓர் அம்புக்குறி உண்டு, கரண்ட் போகிற பக்கம் அது பார்க்க வேண்டும். நான் மாட்டிய மூன்று வளையத்திலும் அம்பு கீழேதான் பார்த்தது. ஸ்கேல் வைத்தது போல ஒரே வரிசை. மாட்டிய அன்று போட்டோகூட எடுத்தேனே, நீ சிரித்தாயே, "பொண்ணு பாக்க வரவனுக்குக் காட்டவா மச்சான்?" என்று. ஆனால் மஞ்சள் பேஸ் கேபிள் மட்டும் நீளம் அதிகம். வெட்ட மனமில்லாமல் அதைக் கீழே வளைத்து, வளையத்துக்குள் கீழிருந்து மேலாக நுழைத்திருக்கிறேன். அம்பு ஒரு பக்கம், கரண்ட் ஒரு பக்கம். இரண்டு பேஸ் கூட்ட, மூன்றாவது கழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. டீ ஹவுஸ் தின்ற கரண்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இத்தனை வருடமும் காட்டியிருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் மச்சான். டூரிஸ்ட் கூட்டம் ஸ்கோன் தின்றுகொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து கரண்டை நிறுத்தி, மஞ்சள் பேஸ் வளையத்தைத் திருப்பி மாட்டினேன்.

அந்த வருடம் நமக்கு வந்தது இரண்டே அனலைசர். ஒன்று ஃபேக்டரி விளக்குகளுக்கு, மற்றது டீ ஹவுஸுக்கு. ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு எதுவும் வரவில்லை. விளக்குகளுக்கும் டீ ஹவுஸுக்கும் பொதுவான மெயின் மீட்டரில் இந்த இரண்டையும் கழித்து, மிச்சமெல்லாம் லயத்தில் போகிறது என்று ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணி எழுதிக்கொண்டார். மிச்சம் மாதாமாதம் வீங்கிப்போய் நின்றது. பழைய மேனேஜர் துரை நம் ஆள்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அத்தனை பேர் முன்னால் தமிழிலேயே திட்டினார். "படிக்கட்டு லைட்டுலேர்ந்து வயர் இழுத்துத் திருடுறீங்க. மீட்டர்ல தெரியுது லா." வீடு வீடாகப் புகுந்து கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார்கள். ஒரு முழ வயர்கூடக் கிடைக்கவில்லை. "மறைச்சிட்டானுங்க" என்றார். லயத்து விளக்குகள் உன் பொறுப்பு. நீதான் கண்டும் காணாமல் விட்டிருக்கிறாய் என்று லயத்து டிபி சாவியை உன்னிடமிருந்து வாங்கி, எல்லோரும் பார்க்க என் கையில் கொடுத்தார். நானும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். படிக்கட்டு விளக்குகளை அணைத்தது நான்தான். அதற்குப் பிறகு பெண்கள் விடியற்காலைப் பனியில் போன் வெளிச்சத்தில்தான் படி இறங்கினார்கள்.

நீ மூன்று முறை கேட்டாய். ஒருமுறை ஒர்க்ஷாப்பில், "அந்த டீ ஹவுஸ் பொட்டிய ஒருக்கா தெறந்து பாத்துருவோமா மச்சான்?" என்று. ஸ்கூல் லீவு, கூட்டம், கரண்டை நிறுத்த முடியாது என்றேன். இன்னொரு முறை பிரிஞ்சாங் டவுனில் கேபிள் வாங்கப் போனபோது கேட்டாய். காதில் விழாதது போல லோரியை எடுத்தேன். மூன்றாவது முறை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மீட்டர் பொய் சொல்லாது. உங்க லயத்துல எவனோ கை வெச்சிருக்கான், போய் அவனப் புடி" என்றேன். உங்க லயம். நானும் பிறந்த லயம்தான் அது. குவாட்டர்ஸுக்குக் குடி வந்ததும் எனக்கு அது 'உங்க' லயமாகிவிட்டது. உன் தங்கச்சி சம்பல் கரண்டியோடு அப்படியே நின்றாள். நீ பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாய். "சரி மச்சான்" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. துக்கத்துக்கு வந்த கிராணி என்னிடம் மெதுவாகச் சொன்னார், "நல்ல மனுசன்தான், அந்த ஒரு விசயம் தவிர." நான் தலையாட்டினேன்.

நேற்று ஆபீசுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். புது மேனேஜர் நல்ல மாதிரி. "சரி பண்ணிட்டீங்கல்ல, முடிஞ்சது லா. எதுக்குப் பெரட்டுல போய்?" என்றார். "அங்கதான் சார் திருடன்னாங்க. அங்கதான் சொல்லணும்" என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

இன்று காலை சொன்னேன். "யாரும் திருடல. நான் வளையத்தத் தப்பா மாட்டிட்டேன்" என்று தமிழில் சொன்னேன். பிறகு மலாயில், "சாலா சாயா", என் தப்பு என்று. நின்றவர்களில் முக்கால்வாசி வங்காளதேசத்துப் பையன்கள், நேப்பாளிகள். யாருடைய தப்பு, என்ன தப்பு என்று தெரியாமல் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அன்று திட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள், சிலர் உன் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சிய நாலைந்து பெண்களில் ஒருத்தி கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டே கேட்டாள், "இதச் சொல்ல இம்புட்டு நாளாய்யா?" அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. கொழுந்துக்கு நேரமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து உன் தங்கச்சியிடம் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு, "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்ணன் அப்பவே வெளியிலேர்ந்து கவ்விப் பாக்குற கிளாம்ப் மீட்டர் போட்டு டீ ஹவுஸ் கேபிளப் பாத்துருச்சு. நீங்க மாட்டுனதுலதான் தப்புன்னு எங்கிட்ட சொல்லுச்சு. தொரகிட்ட சொன்னா உங்க வேலையும் போயிரும், இந்த வீடும் போயிரும், மச்சானே தெறந்து பாத்துச் சரி பண்ணிக்கட்டும்னுச்சு. என் தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கிக்கிச்சு."

தேத்தண்ணி ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை.

உன்மேல் கோபமாக வருகிறது மச்சான். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாமே. நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தியிருக்கலாமே. நீ இருந்திருந்தால் இப்போது உன்னோடு சண்டைக்கு வந்திருப்பேன். சண்டை போடக்கூட ஆள் இல்லை. அலுப்பாக இருக்கிறது.

ரிட்டயராக இன்னும் நான்கு வருடம். பிரிவு விருந்து வைப்பார்கள், மாலை போடுவார்கள், கை சுத்தமான வயர்மேன் என்று யாராவது பேசுவார்கள். அந்தப் பேர் எனக்கு எப்படி நிலைத்தது என்று உன் தங்கச்சிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மாலையைக் கழற்றி வைத்துவிடலாம். உன் பேரைக் கொடுத்து வாங்கிய இந்தப் பேரை நான் எங்கே கழற்றி வைப்பேன், சொல்.