அத்தை லாரியும் அப்பா மூக்கும்

அன்பு மகள் ஸ்பேனருக்கு அப்பா எழுதுவது. இரண்டு பிள்ளை பெற்றவளை இன்னும் இப்படிக் கூப்பிடுகிறாரே என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும், பத்து வயதில் ஸ்பேனரைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியது அவரில்லையே. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீங்கள் நான்கு பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், பெரியவனுக்கு இருமல் நின்றதா என்று எழுது. என் பக்கத்துச் சௌக்கியத்தில் மட்டும் ஒரு சின்னப் பொய் கலந்திருக்கிறது. அதை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடப் போகிறேன். ஆனால் முழுக்கப் படிக்கும் முன்னால் போனை எடுத்து, பட்டறையை மூடுங்கப்பா என்று சொல்லிவிடாதே. நான் பயப்படுவது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

உன் அத்தை நர்சரிக்குச் செடி ஏற்றும் தன் சின்ன லாரியைப் பாலத்தடித் தண்ணீரில் விட்டு, இன்ஜின் தண்ணீர் குடித்து, உள்ளே ராடு வளைந்து, அதை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் போய்விட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா. நம் பட்டறை மூலையில் தூங்கிய பழைய கார்புரேட்டர் இன்ஜினை, நீ காலேஜ் லீவில் என்னோடு உட்கார்ந்து பிரித்து மாட்டினாயே அதை, இந்த லாரியில் ஏற்றப் போகிறேன் என்றதும், பெட்ரோலைப் பீச்சியடிக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில் அது சரிப்படுமா, பேசாமல் வேறு வண்டி பாருங்கள் என்றாய். யார் கேட்டார்கள்? இருபது நாளில் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. கியர்பாக்ஸ் ஒரே கம்பெனி என்பதால் சண்டை போடாமல் சேர்ந்துகொண்டது. சண்டை போட்டதெல்லாம் பெட்ரோல்தான். டேங்குக்குள் இருக்கும் கரண்ட் பம்பு ஐம்பதுக்கு மேல் பிரஷரில் தள்ளுகிறது, கார்புரேட்டருக்கு ஐந்தோ ஆறோ இருந்தால் போதும். நடுவில் ஒரு ரெகுலேட்டர் வைத்துக் குறைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போக ஒரு குழாய் கட்டாயம் வேண்டும் என்று நீ மூன்று தடவை சொன்னாய். எனக்கா தெரியாது என்று அந்தக் குழாயை அடைத்துவிட்டேன். ரெகுலேட்டர் முள்ளும் ஆறில் அழகாக நின்றது, அதைப் பார்த்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் ஸ்டார்ட். உன் அத்தை புது டவலை எடுத்து சீட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா வழக்கம்போல் பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உன்னிடம் சொல்லவில்லையே, மூன்று மாதமாக நான் ஸ்பேனரைத் தொட்டாலே அம்மா ஏதாவது ஒரு வேலையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவாள். கேட்டால், வீட்டுக்குள்ள ஒரே வெக்கை, இங்கதான் காத்து வருது என்பாள். முப்பத்தெட்டு வருஷம் கழித்து இவளுக்கு நம் மேல் ஆசை வந்துவிட்டதாக்கும் என்று எனக்கும் உள்ளூர ஒரு குஷி. சாவியை ஒரு திருப்பு திருப்பினேன், பம்பு முனகியது, இன்ஜின் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி திருப்பக் கை வைத்தேன். அப்போதுதான் அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு, கையை எடுங்க, இறங்குங்க முதல்ல என்று ஒரு அதட்டல் போட்டாள். கல்யாணமான நாள் முதல் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், திரும்பிப் போக வழியில்லாமல் பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பெட்ரோலைத் தடுத்து நிறுத்தும் ஊசியையே தள்ளிக்கொண்டு கார்புரேட்டரின் பின்பக்கமாக வழிந்து கீழே குளம் கட்டி நிற்கிறது. பட்டறை முழுக்க நெடி என்றாள் அத்தை, கண்ணே எரியுது அண்ணே என்றாள். நான் அதற்கு நேர் மேலே குனிந்து நின்றேன், ஸ்பேனர், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அதுதான் நான் மறைத்த பொய். மழைக் காலத்தில் வந்த அந்தக் காய்ச்சலோடு என் மூக்கு போய்விட்டது. சோப்பும் ஒன்றுதான், கிரீஸும் ஒன்றுதான். சொன்னால் நீ பட்டறையைப் பூட்டச் சொல்வாய், பூட்டிவிட்டு நான் காலையில் எழுந்து எங்கே போவது? அதனால் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை, சாப்பாட்டை மோந்து பார்த்து பிரமாதம் என்று நாடகம் வேறு. அவளுக்கு முதல் வாரமே தெரியுமாம். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பேப்பர் படிக்கப் படிக்கப் பால் அடிப்பிடித்துக் கரியானதாம், நான் பக்கத்தைத் திருப்பினேனாம். சொன்னா நீங்க உடைஞ்சு போவீங்க, சொல்லலைன்னா எரிஞ்சு போவீங்க, அதான் கூடவே வந்து உட்கார்ந்தேன் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை நல்ல பெண், டவலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஆசை வந்துவிட்டது என்று நான் நினைத்ததில் ஒன்றும் தப்பில்லை.

மறுநாள் கதவையெல்லாம் திறந்து போட்டு, டேங்கை இறக்கி, கரண்ட் பம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் குழாயும் வடிகட்டியும் வைத்தேன். பழைய இன்ஜினின் சொந்தப் பம்பையே அதன் விலாவில் மாட்டிவிட்டேன். இப்போது இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். திரும்பிப் போகும் குழாயும் போட்டாயிற்று, நீ ஜெயித்தாய், போதுமா. முள் ஐந்தில் நிற்கிறது, லாரி நான்கு நாளாகச் செடி ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். காலையில் கண்ணை மூடிக்கொண்டு நான்கு வாசனைச் சீசாவை மோந்து எது என்று சொல்லிப் பழகச் சொல்லியிருக்கிறார். நேற்று எலுமிச்சை என்று அடித்துச் சொன்னேன், அது கிராம்பு.

பட்டறைக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. வண்டிச் சாவி அம்மா இடுப்பில். அவள் ஒரு சுற்று சுற்றி வந்து தலையாட்டினால்தான் என் கைக்கு வரும். அவள் ஊருக்குப் போனால் எனக்கும் லீவு. தீயணைக்கும் சிலிண்டரும் ஒன்று வாசலில் தொங்குகிறது. இதற்கு மேலும் மூடத்தான் வேண்டும் என்று உனக்குப் பட்டால் எழுது, கோபப்பட மாட்டேன், கோபப்பட்டாலும் உனக்குக் கேட்காது. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு முத்தம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு.

இதை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, மடிக்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், காகிதமெல்லாம் பெட்ரோல் வாசனை, கையைக் கழுவிட்டு எழுதக் கூடாதா என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அங்கே வந்து சேரும்போதும் அந்த வாசனை இருந்ததா என்று மறக்காமல் எழுது.

உன் அப்பா