அப்பாவின் குதிகாலில் பட்டுநூல்

ஆம்பூர்
14.9.2004

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நீ ஜப்பானில் சுகமாயிருக்க வேண்டும். எங்கள் சுகத்தை முதல் வரியில் எழுத முடியவில்லை, பொறுமையாக வாசி. ஷூ கம்பெனியில் பசை பூசிப் பூசி என் விரல்கள் வீங்கிவிட்டன, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அக்சா எழுதுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குதிகால் புண் சர்க்கரையால் ஆறவில்லை என்று முன்பே எழுதியிருந்தேன். ஜூலையில் நீ கடிதத்தோடு இரண்டு பட்டுக்கூடுகள் அனுப்பினாய் அல்லவா, மனிதத் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை எங்கள் ஆய்வுக்கூடத்தில் பட்டுப்புழுவின் நூலிலேயே சுரக்க வைக்கிறோம், ஒருநாள் அது புண்ணுக்கு மருந்தாகும் என்று எழுதியிருந்தாய். அக்சாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த கடிதத்தைப் பாதியிலேயே மடியில் வைத்துவிட்டு, மரபணுவைப் புழுவுக்குள் எப்படிச் சேர்ப்பார்கள் என்று தன் வாயாலேயே விளக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா கூட்டை விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டே, "நாப்பது வருஷமா தோல் பதம் பண்ணிப் பொழைக்கிறவன் நான். மயிரும் கொழுப்பும் போனா மிச்சம் இன்னா நிக்கும்னு எனக்குத் தெரியாதா? எம்பொண்ணு அதத்தான் நூலா அனுப்பியிருக்கா" என்றார். வெந்நீரில் ஊறவைத்து அவரே நூலைப் பிரித்தார். நான்தான் புண்ணின்மேல் வைத்துக் கட்டினேன். எட்டு நாள் பிரிக்கவில்லை. மேலே காய்ந்தது போலிருந்தது, உள்ளே எலும்புவரை அழுகிவிட்டது. புண்ணில் ஒட்டியிருப்பது என்ன என்று டாக்டர் கேட்டதற்கு, பஞ்சு என்று அப்பா சொல்லிவிட்டார்.

காலை எடுத்த பிறகு அக்சா உன் கடிதத்தைத் தேடி எடுத்து வாசித்தாள். இவை மாற்றம் செய்யாத சாதாரணப் புழுவின் கூடுகள், மற்றவை ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. இந்த வரியை எழுதமாட்டேன் என்று அழுதாள், நான்தான் எழுத வைத்தேன். அவளை ஒன்றும் கேட்காதே, கட்டியது என் கை.

அப்பாவுக்கு அது தெரியாது. மருந்து நல்ல மருந்துதான், என் சர்க்கரைதான் அதைத் தின்றுவிட்டது என்கிறார். பார்க்க வந்த தோல் கம்பெனி மேஸ்திரி சத்தார் பாயிடமும் அப்படியே சொல்லிப் பெருமைப்பட்டார். மிச்சமுள்ள காலிலும் சுண்டுவிரல் கறுத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "பாப்பாவ இன்னும் நாலு கூடு அனுப்பச் சொல்லு, இந்தத் தடவ சீக்கிரமே வெச்சுடலாம்" என்கிறார். அந்தக் காலும் தங்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லியாகிவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே. கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பார். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, கூடு அனுப்ப முடியாது என்று மட்டும் சொல். அக்சா இனி ஒரு வரி விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். அதனால் அப்பா கேட்கக்கூடாத எதையும் அதில் எழுதாதே.

உன் அம்மா
ஜெயபுஷ்பம் சாந்தகுமார்