நீக்கச் சொன்ன பெயரை மேலே ஏற்றியவன்

அனுப்புநர்:
ச. குற்றாலலிங்கம்,
அச்சகப் பிழைதிருத்துநர் (ஓய்வு),
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
வட்டார அலுவலர் அவர்கள்,
பொருநை இணையச் சேவை நிலையம்,
திருநெல்வேலி.

பொருள்: முடக்கப்பட்ட எனது மின்னஞ்சல் கணக்குக்கு வந்திருக்கக்கூடிய ஒரே ஒரு கடிதத்தை 27.10.1999-க்குள் எடுத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் முடக்க அறிவிப்பு, நாள் 28.8.1999.
2. நான் நேரில் வந்து திரும்பிய நான்கு நாட்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

கணக்கை முடக்கியது தவறு என்று சொல்ல இம்மனுவை எழுதவில்லை. முடக்கியது சரி. ஆறு வாரம் முன்னாலேயே முடக்கியிருந்தால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

1. இருபத்தேழு வருடம் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தியவன் நான். எழுத்துப் பிழையை நம் ஊரில் மன்னிப்பார்கள். பெயர் விட்டுப்போனால் மன்னிக்க மாட்டார்கள். பெரிய மாமா பெயர் சின்ன மாமாவுக்குக் கீழே வந்ததற்காகப் பந்தியிலிருந்து எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். ஓய்வுக்குப் பின், கடந்த தை மாதம் முதல், வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் மின்னஞ்சலில் ஓர் ஊர்க்கடிதம் அனுப்பி வந்தேன். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது, யார் வீட்டில் விசேஷம், யார் தவறிப்போனார், அவ்வளவுதான். ஆனிக்குள் 287 பேர் சேர்ந்தார்கள். சேர்ந்தார்கள் என்பது பாதி பொய். கல்யாண வீட்டில் யார் யாருடைய முகவரியைக் கொடுத்தாலும் எழுதிக்கொள்வேன். உரியவரைக் கேட்டதில்லை.

2. ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 287 பேருடைய பெயர், மின்னஞ்சல் முகவரி, வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் பத்திரிகையில் போடுவதுபோல வயதுப்படி வரிசையாகப் போட்டேன். நான் போகும் பிரவுசிங் சென்டரில் இருக்கும் விஜயஸ்ரீ என்ற பெண், “பி.சி.சி.ன்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அதுல போட்டா ஒருத்தர் விலாசம் இன்னொருத்தருக்குத் தெரியாது” என்று முதல் வாரமே சொன்னாள். “ஏளா, ஒளிச்சு வச்சு அனுப்ப இது என்ன மொட்டைக் கடுதாசியா?” என்று அவளைத்தான் சத்தம் போட்டேன். கெட்டபின்பு ஞானம் என்பார்கள். ஞானம் வந்தது எனக்கு, கெட்டது நான் இல்லை என்பதுதான் கஷ்டம்.

3. ஒரு சிலர், தங்கள் பெயரை எடுத்துவிடும்படி எழுதினார்கள். அதை நான் சடவு என்றே எடுத்துக்கொண்டேன். வரிசையில் கீழே போட்டதால் கோபம் போலும் என்று, அவர்கள் பெயரை மேலே ஏற்றி, அந்த வாரக் கடிதத்தை இரண்டு தரம் அனுப்பினேன். கல்யாண வீட்டில் சடைத்துக்கொண்டவரை அப்படித்தான் சமாதானம் செய்வோம்.

4. அப்படி எழுதியவர்களில் ஒரு பெண் இருந்தாள். என் நண்பரின் மகள். அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்து, அவனிடம் அடி தாங்க முடியாமல், நாலு வயதுக் குழந்தையோடு யாருக்கும் சொல்லாமல் போய் ஒரு நாட்டில் வேலைக்கு இருந்தாள். ஊர் நினைவு வாட்டுகிறது, அவளுக்கும் கடிதத்தை அனுப்பும் என்று நண்பர்தான் முகவரி தந்தார். ஜூலையில் அவள், “மாமா, என் பேரை எடுத்துருங்க” என்று ஒற்றை வரி எழுதினாள். 17.7.99 அன்று 264-ஆம் இடத்தில் இருந்த அவள் பெயரை மூன்றாவது வரிக்கு ஏற்றினேன், வேலை இடத்தோடு. அவள் கணவனின் சித்தப்பா மகனும் என் பட்டியலில் உண்டு. மூன்று வாரத்தில் கணவனின் ஆட்கள் அவள் வாசலில் நின்றார்கள்.

5. இதற்கிடையில், பட்டியலில் இருந்த ஒருவர் அதே முகவரிகளுக்குத் தேக்குமர முதலீட்டுத் திட்ட விளம்பரத்தைப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து அனுப்பினார். வாங்கியவர்கள் எல்லாரும் என்னை ஏசி உங்களுக்குப் புகார் எழுதினார்கள். நீங்கள் கணக்கை முடக்கினீர்கள்.

6. செப்டம்பர் 2 அன்று அந்தப் பெண்ணிடமிருந்து தபாலில் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு கிளம்பிவிட்டதாகவும், தங்க இடம் கிடைத்ததும் என் மின்னஞ்சலுக்கு எழுதுவதாகவும், அப்பாவிடம் மட்டும் சொல்லும்படியும் எழுதியிருந்தாள். கணவன் வீடும் அப்பா வீடும் ஒரே காம்பவுண்ட். அங்கே வரும் தபாலும் போனும் முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும். அவளுடைய பழைய மின்னஞ்சல் வேலை இடத்தினுடையது. வேலையோடு அதுவும் போயிற்று. அவளுக்கு என் கணக்கு முடங்கியது தெரியாது. தெரிவிக்க எனக்கும் வழி இல்லை.

7. தங்கள் அலுவலகத்தில் நான்கு முறையும் ஒரே பதில்: “புகாரை மெயில்லதான் அனுப்பணும், அதுவும் பதிவு செஞ்ச கணக்குல இருந்து.” அந்தக் கணக்கைத்தானே ஐயா பூட்டி வைத்திருக்கிறீர்கள்! முடங்கிய கணக்குக்கு வந்து சேரும் கடிதங்களும் அறுபதாம் நாள் அழிக்கப்படும் என்று அறிவிப்பில் உள்ளது. இன்னும் ஒன்பது நாள்தான்.

8. நண்பர் சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறார். துண்டுக் காகிதத்தை அவரிடம் காட்டிவிட்டேன். காப்பியைக் குடித்துவிட்டு, “வாரேன்” என்று போகிறார். பெயரை மூன்றாவது வரிக்கு ஏற்றியது நான் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

எனவே, கணக்கைத் திறக்க வேண்டாம். அது மூடியே கிடக்கட்டும். அவளிடமிருந்து ஏதேனும் வந்திருந்தால், அதை மட்டும் அச்செடுத்து, ஒட்டிய உறையில், அவள் தகப்பனார் கையில் கொடுத்தால் போதும். நான் அதைப் படிக்கவும் வேண்டாம். அவள் எழுதினாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் அவரிடம் தாங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது.

அவள் பெயரும் தகப்பனார் பெயரும் இம்மனுவில் இல்லை. அழைத்தால் நேரில் வந்து தங்கள் காதில் மட்டும் சொல்வேன்.

தங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
ச. குற்றாலலிங்கம்

இடம்: திருநெல்வேலி
நாள்: 18.10.1999

நகல்: யாருக்கும் இல்லை.