மீனை விட்டுவிடுகிற ரீல்

என் பிரியமுள்ள அண்ணா,

இன்று காலை கண் விழித்ததும் நான் முதலில் அடுப்புப் பற்றவைக்கவில்லை, சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. வாசல்படியோரம் கிடந்த உன் மச்சானுடைய கான்வாஸ் ஷூக்களை எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வலது கால் பரவாயில்லை. இடது காலில் ரப்பர் வரிகள் தேய்ந்து, குதிகால் பக்கம் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. பால்காரி வந்து, "என்னா டீச்சர், பூட்ஸுக்குப் பூசை பண்றீங்களா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்த கையோடு அவர் ஒகேனக்கல் போகிறார். உன் தூண்டில் ராடு, உன் ரீல். நீ கடைசியாக நின்ற அதே பாறை.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. இந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். ஆனாலும் பயம் குறைந்தபாடில்லை.

உன் மச்சான் மீன் பிடிப்பார் என்று நீ இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். அருவியைக்கூடக் குடை பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்த மனுஷர் அவர். ஒரு தடவை பரிசலில் ஏற்றினாயே, நினைவிருக்கிறதா? அக்கரை போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இறங்கியதும், "மச்சான், திரும்பிப் போறதுக்கு ரோடு இருக்குதா?" என்று கேட்டார். போஸ்ட் ஆபீசில் முத்திரை குத்துகிற கைக்குத் தூண்டில் எதற்கு என்று நீயே கேலி செய்வாய்.

நீ கல்யாணம் வேண்டாமென்றே இருந்துவிட்டதால் உன் சாமான்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. பாறை இடுக்கில் சொருகிக் கிடந்த ராடைப் பரிசல்காரர்கள் எடுத்துவந்து கொடுத்தபோது ரீலுக்குள் ஒரே மணல். நான் அதைப் பரணில் போடச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பழைய தினத்தாளை விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, என் தையல் மிஷின் எண்ணெயை விட்டார். "மச்சான் பொருள் துருப் புடிக்கக் கூடாது ஸ்டெல்லா" என்றார். அவர் அழுகிற விதம் இதுதான், இப்படி அழுதால் தீரும் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

தீரவில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சத்தம் கேட்டார். பிறகு தூண்டிலுக்குப் புது நைலான் நரம்பு வாங்கினார். பிறகு, "சும்மா பாத்துட்டு வர்றன்" என்று உன் சிநேகிதர்களோடு ஒரு ஞாயிறு போனார். இப்போது எனக்கு முன்னால் எழுந்து ராகி மாவைக் களியாகக் கிண்டி, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, ஈரத்துணியில் சுற்றுகிறார். நீ செய்தது போலவே உருண்டையை முகர்ந்து பார்க்கிறார். நீ சொல்வது போலவே, "இன்னிக்குத் தண்ணி நிறம் சரியில்ல" என்கிறார். நீ போன பிறகு ஆற்றில் இரண்டு வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. அவர் கொஞ்சம் கொஞ்சமாக நீயாகிக்கொண்டு வருகிறார். எனக்கு என் அண்ணன் வேண்டும்தான். ஆனால் என் புருஷனைக் கொடுத்து வாங்கவா?

உன் இரண்டு சிநேகிதர்களும் அப்படியேதான் இருக்கிறார்கள். லாரி சின்னசாமி அண்ணன் இன்னும் அந்தச் சிவப்பு சுவீடன் ரீலைக் குழந்தை மாதிரி துண்டில் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். டிராயிங் மாஸ்டர் ஆரோக்கியம் உன் கட்சி, பிரெஞ்சு ரீல். நீ இருந்தபோது இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது உன் மச்சான் யார் பக்கம் என்பதில்தான் போட்டி. வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"தங்கச்சி, நீங்களே சொல்லுங்க" என்று ஆரம்பித்தார் சின்னசாமி அண்ணன். "பெரிய மீனு அடிச்சிதுன்னா எது முக்கியம்? நரம்பு முக்கியம். இந்த வாத்தியார் ரீலு புடிக்கிற நரம்பு கோமணத்துக்கே பத்தாது. என்னிது உருளையே சுத்தும். சுத்தச் சுத்தக் குடுத்துக்கினே இருக்கும்."

"சுத்தும், சுத்தும்" என்றார் மாஸ்டர். "அது சுத்துற வேகத்துல சிக்கு விழுந்துச்சுன்னா, அந்தச் சிக்கை எடுக்க நான் அரைப்பரீட்சை லீவு போடணும். எங்க ரீல்ல உருளை நிக்கும், நரம்பு மட்டும் கழண்டு போகும். போஸ்ட் மாஸ்டர் கை புதுசு. புதுக் கைக்கு பிரெஞ்சுதான்."

"பிரேக்கு? அதைப் பேசு வாத்தியாரே! முன்னாடி மூக்குல ஒரு திருகு வெச்சிருக்கான். மீனு ஓடும்போது அதைத் தேடிக்கினு கெடக்கணும். என்னிதுல நட்சத்திரம் மாதிரி கைக்குப் பக்கத்துலயே இருக்குது. தொப்பூர் எறக்கத்துல வண்டி உடறவன் சொல்றன், பிரேக்கு கைக்கு எட்டணும்."

பிரேக் என்று அவர்கள் சொல்வது, மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்று வைக்கிற திருகு. இது எனக்குத் தெரியும். உன்னோடு இருந்து கேட்டுக் கேட்டே எனக்கு எல்லாம் தெரியும். திருச்சிக் கல்லூரியில் தர்க்கம் படித்ததைவிட உங்கள் சண்டைகளில்தான் அதிகம் தர்க்கம் பழகினேன்.

உன் மச்சான் இரண்டு ரீலையும் மடியில் வைத்துக்கொண்டு தீவிரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றேன். பல நாளாக வாய்க்குள் கிடந்தது, கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இதுல மீனைச் சீக்கிரம் விட்டுவிடுகிற ரீல் எது?"

சின்னசாமி அண்ணன் சிரித்தார். "விடறதுக்கா தங்கச்சி இவ்ளோ காசு போட்டு வாங்கறோம்?"

"நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை."

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். உன் மச்சான் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. எதிர்வீட்டு ரேடியோவில் விவசாயிகளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மாஸ்டர்தான் பேசினார். உன்னுடைய கடைசி நாளைப் பற்றி. ஏற்கெனவே எனக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்தேன். மீன் இரையைக் கவ்வி அடித்தது, தண்ணீர்ப் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடியது, ரீலில் நரம்பு குறைந்து உள்ளே உலோகம் மின்ன ஆரம்பித்தது, இருக்கிற நரம்பைக் காப்பாற்ற நீ பாறைக்குப் பாறை கால் வைத்துப் போனாய். கடைசிப் பாறையில் கால் வழுக்கி ஆற்றோடு போனாய். அதுவரை தெரியும்.

"நான் கத்தினேன் டீச்சர். 'பிரேக்கை லூஸ் பண்ணு இன்னாசி, அறுத்துக்கும்'னு. இன்னும் காதுல இருக்குது."

"நான் டைட்டு பண்ணச் சொன்னன்" என்றார் சின்னசாமி அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "காலியாவுது, டைட்டு பண்ணு, டைட்டு பண்ணுன்னு."

"அதைக் கேட்டு அவன் திருகைத் திருப்பினான். அதான்."

"ஏன் வாத்தியாரே, நீ லூஸ் பண்ணச் சொல்லித்தான அவன் அடுத்த பாறைக்குப் போனான்?"

உடனே பழைய சண்டை திரும்பிவிட்டது. சுவீடன் ரீலாக இருந்திருந்தால் நரம்பு மிச்சம் இருந்திருக்கும், நீ நகர்ந்திருக்கவே வேண்டாம் என்கிறார் இவர். பிரெஞ்சு ரீலைச் சரியாகத் திருகியிருந்தால் மீன் அங்கேயே களைத்திருக்கும் என்கிறார் அவர். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். இரண்டு பேரும் உன்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரீல்மேல் பழி போடாவிட்டால் அவர்கள் யார்மேல் போடுவார்கள்?

நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். ஒருவர் தளர்த்து என்றார், ஒருவர் இறுக்கு என்றார். கரையில் இருந்த ஒருவர்கூட "விட்டுத் தொலை, இன்னாசி" என்று சொல்லவில்லையே, அண்ணா! சொல்லியிருந்தால் உன் காதில் விழுந்திருக்குமா? உனக்கு அந்த வார்த்தை தெரியுமா? சின்ன வயதில் பட்டம் அறுந்துபோகும் என்று தெரிந்தும் விரல் வெட்டி ரத்தம் வரும்வரை நூலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ.

அவர்கள் போன பிறகு உன் மச்சானிடம் கெஞ்சினேன். வேறு இடத்தில் போடுங்கள், படித்துறையில் போடுங்கள், அந்தப் பாறை வேண்டாம்.

"பயப்படாதே" என்றார். "சின்னசாமி, மாஸ்டர் ரெண்டு பேரும் பக்கத்துல இருக்காங்க இல்ல?"

நான் விடவில்லை.

"ஏன் அந்தப் பாறைதான் வேணும்?"

ரீலின் கைப்பிடியை ஒருமுறை சுற்றினார். "மச்சான் ஏன் விடலேன்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது ஸ்டெல்லா. அங்க நின்னாத்தான் தெரியும் போல இருக்குது."

அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. மீனுக்காகப் போகிறவரைத் தடுத்துவிடலாம். இவர் உன்னைத் தேடிக்கொண்டு போகிறார். ஒருநாள் பெரிய மீன் ஒன்று அவர் நரம்பையும் இழுத்துக்கொண்டு ஓடும். ரீல் கத்தும். உலோகம் தெரியும். அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிடும். புரிந்த பிறகு அவரும் அடுத்த பாறைக்குக் கால் வைப்பார். முத்திரை குத்தும் கைதானே என்று நான் இனி ஏமாற மாட்டேன். அவர் பிடிவாதத்தை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன். அது சத்தம் போடாத பிடிவாதம், அதனால் உனக்குத் தெரியாது.

நேற்றுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் காவேரி பிறந்து ஓடும் வழியைப் படத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். குச்சி ஒகேனக்கல்லில் வந்து நின்றுவிட்டது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். முன்பெஞ்சில் ஒருத்தி, "அப்புறம் மேட்டூர், டீச்சர்" என்று எடுத்துக்கொடுத்தாள். அப்புறம் மேட்டூர்தான். உன்னை அங்கே தேடித்தான் பரிசல்கள் போயின.

வேறு செய்தி என்ன சொல்ல? சர்வே ஆபீசில் உன் நாற்காலிக்குப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனுஷராம், மீன் வாசனையே ஆகாதாம். நம் கோயில் மணிக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறார்கள். உன் கல்லறையில் பெயருக்குக் கீழே ஒரு மீன் செதுக்கலாம் என்று மாஸ்டர் வரைந்துகொண்டு வந்தார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்று முழுக்க யோசித்துவிட்டேன். அன்று அவர்கள் கிளம்புமுன் இரண்டு ரீலையும் நானே கையில் எடுத்துப் பார்த்தேன். மெட்ராசில் கப்பல்காரர்களிடம் கெஞ்சி வாங்கிய சாமான், இரண்டையுமே வெள்ளைக்காரன் அருமையாகத்தான் செய்திருக்கிறான். எவ்வளவு இறுக்க வேண்டும், எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. போதும் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அது ரீலின் வேலையும் இல்லை. பக்கத்தில் நிற்கிற மனுஷர் வேலை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை, பிள்ளைகளிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. நாளை நானும் போகிறேன். உனக்காக ஜெபம் சொல்ல வருவதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும். பரிசலில் ஏறுவேன், அந்தப் பாறையில் ஏறுவேன், அவருடைய இடது முழங்கைப் பக்கம் நிற்பேன். பென்சில் சீவ நான் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கும் பாதி பிளேடு கைக்குட்டைக்குள் இருக்கும். இழுத்துக்கொண்டிருக்கிற நைலான் நரம்பு பிளேடு பட்டாலே தெறித்துவிடும் என்று நீதானே சொல்லுவாய்.

மீன் அடித்தால் அடிக்கட்டும். அவர் விளையாடட்டும், இறுக்கட்டும், தளர்த்தட்டும், கரையில் நிற்கிற இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தட்டும். ஆனால் அவர் பாதம் பாறையை விட்டு எழுந்த அந்த நொடி நான் அறுத்துவிடுவேன். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு மீன் மறுபடி கிடைக்காமல் போகலாம். உன் சிநேகிதர்கள் என் வீட்டுப் படியேறாமல் போகலாம். அவர் என்னோடு பேசாமலே இருந்துவிடலாம். பேசாத புருஷனுக்குச் சோறு போட என்னால் முடியும், அண்ணா.

இப்போதே கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும் உனக்கு. நடுங்கட்டும். நடுங்குகிற கையாலும் நரம்பு அறும். உன் மச்சானை நாளைச் சாயங்காலம் நான் வீட்டுக்குக் கூட்டிவருவேன். இது சத்தியம்.

அன்று கரையில் இல்லாமல் போன,
உன் கூடப்பிறந்த தங்கை
ஸ்டெல்லா