கன்னல்திட்டின் உமிகள் பொருட்டு எழுந்த ஓலை

வளம் பெருகுக. மழை பிழையாதிருக்க. கன்னலாறு தன் கரைக்குள் நடக்க.

கீழ்க்கடல் தொட்டு மேல்மலை வரை ஒரு குடை நிழற்றும் தண்கழி நாட்டின் அரசியார், உப்பும் நெல்லும் ஒருங்கே விளையும் நிலத்துக்கு உரியவர், பேரலைவாய் மாளிகையில் வீற்றிருந்தருளும் நெய்தலங்கோதையார் திருவாய் மொழிந்தபடி, கன்னல்திட்டுக் கல்விச்சாலையின் தலைமை ஆசான் வில்லவதரையர் காண விடுத்த ஓலை.

கன்னல்திட்டின் மதில்கள் உறுதியாய் நிற்கட்டும். அங்குள்ள மகிழமரங்கள் பூக்கட்டும். அங்குப் பயிலும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் நீடு வாழட்டும். ஓலை பெறுவோரின் நலம் வினவுவது இவ்விடத்து வழக்கம், அரசியார் வினவவில்லை. எழுதுவோன் மறந்துவிட்டான் என்று எண்ணற்க. அவன் இருமுறை நினைவூட்டினான். இருமுறையும் மேலே எழுதுமாறே ஆணை பிறந்தது.

அரசியார் விளக்கம் கேட்டதற்கு நீர் விடுத்த மறுமொழி ஓலை இம்மாதம் ஐந்தாம் நாள் வந்து அவையில் படிக்கப்பட்டது. முதலாண்டு மாணாக்கரை உமி என்று அழைப்பது கன்னல்திட்டின் நூற்றாண்டு வழக்கு என்றும், பெற்றோர் இட்ட பெயரை ஓராண்டு நீக்கி வைப்பதால் செருக்கு அடங்கி அனைவரும் நிகராவர் என்றும், உலகத்துக் கல்விச்சாலைகள் யாவும் புதியோர்க்கு இழிபெயர் இடுவதே மரபு என்றும், ஊரோடு ஒத்து வாழ்வதே அறிவுடைமை என்றும் எழுதியிருந்தீர். உமி குத்திக் கை நொந்தவனைக் குற்றம் சொல்லலாமோ என்றும் ஈற்றில் கேட்டிருந்தீர். குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்த கதை இது. அதைக் கேட்ட அரசியார் ஓலையை மறுபடி படிக்கச் சொன்னார், தாம் கேட்டது பிழையோ என்று. பிழையில்லை என்று தெரிந்தபின் பேசியதெல்லாம் ஓலையில் எழுதத் தக்கதன்று. எழுதத் தக்கது மட்டும் கீழே வருகிறது.

நடந்ததை முதலிலிருந்து, ஒன்றும் ஒளிக்காமல் எழுதவேண்டும் என்பதும், சாலை முற்றத்தில் பிள்ளைகள் அனைவரும் கேட்க நீரே இதை உரக்கப் படிக்கவேண்டும் என்பதும் அரசியார் ஆணை. இதில் வரும் மகள் ஒருத்தியின் பெயரை மட்டும் எழுதுவோன் எழுதலாகாது என்று விலக்கினார். காரணம் ஓலையின் அடியில் விளங்கும்.

சென்ற ஐப்பசியில் கன்னலாறு பெருகியது. பட்டப்பகலில், பறை கொட்டி, ஆறு படகு கொண்டு திட்டிலிருந்தோரைக் கரை சேர்த்தீர். பெயரேட்டைக் கையில் பிடித்து மூத்த மாணாக்கரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஏற்றினீர். உமிகளுக்கு ஏட்டில் பெயர் இல்லை. முதலாண்டு கழிந்த பின்னரே பெயர் ஏறும் என்பது உம் விதி. ஆகவே கடைசிப் படகில் நின்றுகொண்டு, உமிகள் எல்லாம் ஏறியாயிற்றா என்று பொதுவாகக் கேட்டீர். ஆயிற்று என்று யாரோ ஒருவன் சொன்னான். படகு புறப்பட்டது. ஓருயிரும் குறையாமல் கரை சேர்ந்தோம் என்று அரண்மனைக்கு ஓலையும் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர் என்று அரசியார் உம்மைச் சொல்லவில்லை. மறைப்பவனுக்கு, மறைத்தது பூசணிக்காய் என்றாவது தெரிந்திருக்கும். உமக்கு அதுவும் தெரியவில்லை.

அந்நேரம் மேல்மாடத்தில் மூத்தோரின் ஏட்டுப்பெட்டியைக் காக்கும்படி விடப்பட்ட உமி ஒருத்தி இருந்தாள். அழைக்காமல் இறங்கலாகாது என்பது அவளுக்கு இட்ட கட்டளை. அவள் இறங்கவில்லை. யாரும் அழைக்கவும் இல்லை. அழைப்பதற்கு அங்கே அவளுக்குப் பெயர் ஏது?

வெள்ளம் வந்த பதினாறாம் நாள் அவள் தாய், தென்கழி உப்பளத்தில் உப்பு வாரும் சாத்தி, பேரலைவாய் அவைக்கு வந்தாள். காலில் உப்புப் புண் ஆறாமல் நடந்தே வந்திருந்தாள். சாலை வாயிலில் இரண்டு நாள் நின்று மகள் பெயரைச் சொன்னதாகவும், அப்படி ஒரு பெயர் ஏட்டில் இல்லை என்று வாயிற்காவலன் விரட்டியதாகவும் முறையிட்டாள். அவள் வாய்மொழியை மெருகிடாமல் எழுதுக என்பது ஆணை. அவள் சொன்னது இது:

“தாயே, அந்தக் காவக்காரரு சொல்றாரு, உமியில ஒண்ணு ரெண்டு காத்துல பறக்கத்தான் செய்யும், அதையெல்லாம் யாரு தேடுறதுன்னு. நான் உமியவா பெத்தேன்? பத்து மாசம் சொமந்து, பேரு வச்சு, காதுல மூணு தரம் சொல்லித்தானே வளத்தேன். அந்தப் பேரைக் கொண்டுபோயி எங்க போட்டாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

இதைக் கேட்டபோது அரசியார்க்குச் சினத்துக்கு முன்பே வேறொன்று வந்தது. பன்னிரண்டு வயதில் தந்தையாரோடு கன்னல்திட்டுக்குச் சென்ற நாள் நினைவுக்கு வந்தது. முற்றத்தில் உமிகளை வரிசையாய் நிறுத்தி, மூத்தோர் முறத்தால் வீசினர். வீசிய பக்கமெல்லாம் உமிகள் தள்ளாடி விழவேண்டும். ஒரு சிறுவன் விழத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றான். இளவரசியாய் இருந்த அவர் கைகொட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் ஓலையில் எழுதவேண்டும், எழுதாவிட்டால் இந்த ஓலையில் பாதி பொய் என்று அரசியாரே சொன்னார். ஆகவே எழுதப்படுகிறது.

அன்று மாலையே ஆற்றின் இருகரையிலும் முகத்துவாரம் வரை பறைப் படகுகள் சென்றன. அம்மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பறை அறைந்தனர். முதல்முறை பதில் இல்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இல்லை. பதில் வராதது ஏன் என்று நாற்பதாம் நாள் தெரிந்தது. முகத்துவாரத்து வலைச்சேரியில் வாழும் கடலாத்தி என்பவள், மெலிந்த பெண்பிள்ளை ஒருத்தியைக் கைப்பிடித்து அரண்மனைக்கு அழைத்துவந்தாள். வெள்ளத்தில் ஏட்டுப்பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு மிதந்து வந்தவளை அவள்தான் வலைபோட்டு இழுத்தாளாம். காய்ச்சலில் கிடந்தபோதும் அப்பெண் பெட்டியை விடவில்லையாம். கடலாத்தி கைகட்டி நிற்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு பேசினாள்:

“பேரக் கேட்டா உமிங்கா. உமின்னு பேருள்ள குடும்பம் எங்க இருக்குன்னு நாங்களும் பத்து ஊரு கேட்டாச்சு. அரமணப் பறை மூணு தரம் வந்திச்சு. மூணு தரமும் இவ கவுத்துப்போட்ட தோணிக்கு அடியில போயி ஒளிஞ்சிக்கிட்டா. களவாணிப்புள்ள இல்ல தாயி இது. யாரோ அடிச்சு அடிச்சுப் பழக்கியிருக்காக.”

பழக்கியவர் யார் என்பதை இனி வில்லவதரையர் கேட்க. பின்னால் நின்று உமியின் பழைய பெயரைச் சொல்லி அழைப்பது உம் சாலையின் மூத்தோர் விளையாட்டு. திரும்பிப் பார்த்தால், துறைப்படியில் இடுப்பளவு நீரில் பொழுது சாயும் வரை நிற்கவேண்டும். அம்மகள் முதல் மாதத்தில் பதினொரு முறை நின்றாள். இரண்டாம் மாதத்தில் நான்கு முறை. மூன்றாம் மாதத்தில் ஒருமுறையும் நிற்கவில்லை, கற்றுக்கொண்டாள். உம் சாலையில் அவள் கற்ற பாடம் அதுவே. ஆற்றில் பறை அறைந்து தன் பெயரை அழைத்தபோதும், மூத்தோர் வந்துவிட்டனர் என்றே ஒளிந்தாள்.

அரசியார் அவளை அருகே அழைத்துப் பெயர் என்ன என்று கேட்டார். அவள் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, உமி என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னே மூன்றடி தள்ளி, அப்போதுதான் அவைக்குள் ஓடிவந்த சாத்தி நின்றாள். மகளைப் பெயர் சொல்லி அழைத்தாள். மகள் திரும்பவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. தாயின் குரலைப்போல் குரலை மாற்றி அழைக்கும் மூத்தோரையும் அவள் கண்டிருக்கிறாள். சாத்தி சுற்றிக்கொண்டு முன்னே வந்து, மகள் முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி அழைத்தாள். அப்போது அவள் தாயை அறிந்தாள். பெயரை அறிந்தாளோ, தெரியவில்லை. அவையில் எவராலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அரசியார் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததால்தான் இந்த ஓலை.

உலக வழக்கு என்றீர். நன்று. உலகம் பேரலைவாய்த் துறையில்தான் நங்கூரமிட்டுக் கிடக்கிறது. அரசியார் அதையே அழைத்துக் கேட்டார். மேற்குமலை நாட்டுத் தூதர், எழுபது வயது முதியவர், தாமும் ஓராண்டு மஞ்சள்அலகாய் இருந்தவர் என்று நகைத்தார். கூட்டை விட்டு இறங்காத குஞ்சின் வாயைப் பார்த்து இட்ட பெயராம். அறுவடை நாளில் மூத்தோர் தம் கையாலே மஞ்சள்அலகுகளுக்குச் சோறூட்டவேண்டும். ஊட்டாதவனுக்கு அன்று சோறு இல்லை. வடபுலத்துக் குதிரை நாட்டில் நரிக்குட்டி என்பராம். குட்டிக்கு ஒரு மூத்த நரி உண்டு. குட்டி காய்ச்சலில் படுத்தால் அந்த மூத்தவனே பொறுப்பு.

தென்தீவுக் கூட்டத்தில் எலி என்பராம். அவ்வெலிகள் மூத்தோரின் துணி துவைக்கின்றன, பாய் சுருட்டுகின்றன. அது அழகில்லை என்று தீவின் தூதரே ஒப்பினார். ஆயின் கப்பல் மூழ்குமுன் எலிதான் முதலில் இறங்கும் என்பது அவர்களின் மாலுமிச் சொல். ஆதலால் அங்கே தீப்பறை கொட்டினால் எலிகள் முன்னே, மூத்தோர் அடுத்து, ஆசான் கடைசியில். நாலாம் தூதர் தம் நாட்டில் இட்ட பெயரைச் சொல்ல நாணினார். பிள்ளை ஒருவன் இறந்த ஆண்டில் அப்பெயரை விட்டுவிட்டோம் என்று மட்டும் சொல்லி, எழுந்து போய்விட்டார்.

வில்லவதரையரே, மஞ்சள்அலகுக்கும் நரிக்குட்டிக்கும் எலிக்கும் ஏட்டில் முதல் நாளே தாய் தந்தை ஊரோடு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் ஒரு பெயரை மேலே போர்த்தினார்கள். உள்ளே இருந்ததை உரித்தெடுக்கவில்லை. உலகத்தைச் சாட்சிக்கு அழைக்குமுன் உலகத்தைக் கேட்டிருக்கலாம்.

அனைவரும் நிகர் என்றீர். அன்று படகேறிய உமிகளுள் குறுநில மன்னர் மகன் ஒருவன் இருந்தான். குண்டலத்தைக் கண்டு படகோட்டி அவனைக் கைதூக்கி முதலில் ஏற்றினான். நீர் பெயரைப் பறித்தீர். காதிலிருந்த குண்டலத்தைப் பறித்தீர் இல்லை. பெயர் மட்டுமே உடைமையாய் வந்தவளுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்னொன்று. உமி எந்நாளும் அரிசி ஆவதில்லை. நெல்லே அரிசி ஆகும். உழுதறியாதவர் இட்ட பெயர் அது.

ஆதலால் அரசியார் இடும் கட்டளைகள் இவை. முதலாண்டுப் பிள்ளைகளின் பெயர், தாய் தந்தை ஊரோடு பெயரேட்டின் முதல் ஓலையிலேயே, நுழைந்த நாளிலேயே எழுதப்படுக. ஆறு பெருகினால் அவர்கள் முதலில் படகேறுக. திட்டை விட்டு எழும் கடைசிக் கால் உம் காலாய் இருக்க. பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி பேசுவதை எந்த அரசும் தடுத்ததில்லை, இதுவும் தடுக்காது. ஆயின் தன் பெயருக்குத் திரும்பிப் பார்த்த குற்றத்துக்காக இனி ஒரு பிள்ளை நீரில் நின்றால், அந்நீரில் அடுத்து நிற்பவர் நீர். வாயிற்காவலன் தென்கழிக்கு நடந்தே சென்று சாத்தியின் வாசலில் நின்று பிழை பொறுக்க வேண்டுக.

அம்மகள் தை முதல் நாள் கன்னல்திட்டுக்குத் திரும்புகிறாள். வேண்டாமே என்று அரசியார் சொல்லிப் பார்த்தார். படிக்கத்தான் அனுப்பினேன், படிக்கட்டும் என்று சாத்தி சொல்லிவிட்டாள். நீர் துறைக்கு வந்து அவளைப் பெயர் சொல்லி அழைத்து வரவேற்க. அதன் பின்னும் நாள்தோறும் காலையில் அவள் பின்னே நின்று ஒருமுறை அழைக்க. அஞ்சாமல் அவள் திரும்பிப் பார்க்கும் நாள் வரை, ஆசான் இருக்கையில் நீர் அமரற்க. நின்றே பாடம் சொல்க.

அவள் காத்த ஏட்டுப்பெட்டி இவ்வோலையோடு வருகிறது. உரியவரிடம் சேர்க்க. ஏடு ஒன்றும் குறையவில்லை.

கயல் முத்திரை இட்டபின் ஒரு வரிக்கு இடம் விடப்பட்டது. நடந்ததற்குச் சாட்சி நடந்தவளே ஆதலால், எழுத்தாணி அவள் கையில் தரப்பட்டது. அவள் மூன்றுமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தாய் மட்டுமே நின்றாள். வெயில் தூணிலிருந்து தரைக்கு இறங்கும் நேரம் ஆயிற்று; அரசியார் காத்திருந்தார், அவை காத்திருந்தது. நீரும் இவ்விடத்தில் சற்று நிறுத்தி, பிறகு கடைசி வரியை உரக்கப் படிக்க.

அரசியார் திருவாய் மொழிய, இவை திருமந்திர ஓலை எழுதும் தாழிகுமரன் எழுத்து.

இவை உப்பளத்துச் சாத்தி மகள் கொற்றி எழுத்து.