அப்பா கேட்கும் மூச்சுக் குறிகள்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுத ஆசைதான், பொய் சொல்ல வரவில்லை. எல்லாம் அப்பாவைப் பற்றித்தான். நான் பியானோவில் வாசிப்பேனே, உருகி உருகி நீண்டுகொண்டே போகும் அந்தப் பழைய காதல் மெட்டு, அதை நூலக விழாவில் வாசிக்கச் சொன்னார்கள். அங்கே பியானோ கிடையாது. சரி என்று இடது கை வேலையை வயலினுக்கும், அதைவிடப் பெரிய செல்லோவுக்கும் பிரித்துக் கொடுத்து, மெட்டை அப்பாவின் புல்லாங்குழலுக்கு எழுதினேன். பியானோ மூச்சு வாங்காது, குழல் ஊதுகிறவர் வாங்கியாக வேண்டும், அந்த நினைப்பே எனக்கு இல்லை பார். முதல் ஒத்திகையில் பாதியில் நிறுத்தி, இதை மனுஷன் வாசிக்கவா எழுதினே, துருத்தி வாசிக்கவா என்று கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் அங்கங்கே காற்புள்ளி மாதிரி மூச்சுக் குறி போட்டுக் கொடுத்தேன்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் இங்க ஒண்ணு போடு, அங்க ஒண்ணு போடு என்று வந்து நிற்கிறார். போன மாதம் ஒரே மூச்சில் வாசித்த வரியை இப்போது துண்டு துண்டாக உடைக்கிறார். மாடி ஏறினால் நடுவில் நின்று செருப்பைச் சரிசெய்வது போல ஒரு பாவனை வேறு. டாக்டரிடம் போகலாம் என்றால், கோளாறு உன் எழுத்துலதான், என் நெஞ்சுல இல்ல என்று வாயை அடைக்கிறார். செல்லோ வாசிக்கும் பல் டாக்டர் நயமாகச் சொல்லிப் பார்த்தார், நீங்க பல்லை மட்டும் பாருங்க என்று அவருக்கும் ஒரு போடு. சத்தமில்லாமல் நீளமான வரிகளை வயலினுக்கு மாற்றிவிட்டேன். பார்த்ததும் முகம் சிவந்து, அப்ப நான் எதுக்கு, பக்கத்துல நின்னு கை தட்டவா என்று கத்திவிட்டுச் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார். பிடிவாதத்துக்கு வேறு ஆள் தேட வேண்டாம். மறுபடி அவருக்கே எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தாளோடு வந்தார். முடிவில் வரும் நீள ஸ்வரத்தைக் காட்டி, இதை வயலினுக்கே குடுத்துடு என்றார். கோபம் இல்லை, கேலி இல்லை. கைதட்டல் வாங்கும் இடம் அது, யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷர். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். குட்டிமா, எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையைக் காரணம் சொல்லாமல் புறப்பட்டு வா. நீ கையைப் பிடித்து இழுத்தால் டாக்டரிடம் வருவார். அந்த ஸ்வரம் இன்னும் அவர் தாளில்தான் இருக்கிறது, அழிக்க எனக்குத் தெம்பு இல்லை.

நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதியதை அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, லீவு கிடைத்தது என்று சொல்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா