அடையாற்றங்கரையில் நீ காட்டிய கை

எதிர்வீட்டு வாசலில் இன்று காலை வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அந்த வீட்டுச் சின்னப் பெண்ணுக்குச் சின்னம்மை. பத்து நாளில் எழுந்து பள்ளிக்கூடம் போய்விடுவாள், பயப்பட ஒன்றுமில்லை. இருந்தும் அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும், பால் வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பிவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அறுபதுகளின் கடைசி. பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்டப் போகிறார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு, மயிலாப்பூர் டீக்கடையில் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய். "நம்ம பங்குக்கு அடையாத்தங்கரையப் பாத்துக்கலாம்டா. நோட்டீஸ் படிக்கத் தெரியாதவனுக்கும் நாடகம் புரியும்." இரண்டே நாளில் எழுதித் தள்ளினேன். வேப்பிலை மாலை போட்ட அம்மை அரக்கன் நான். துடைப்பத்தால் என்னை அடித்து விரட்டும் டாக்டர் நீ. மகா புத்திசாலித்தனம் என்று எனக்கு நினைப்பு.

குடிசைகளுக்கு நடுவே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினோம். அம்மைத் தடுப்பூசி குத்துகிறவர் தன் பெட்டியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். முதல் அடி என் முதுகில் விழுந்ததுமே கூட்டத்தில் சிரிப்பு நின்றது. அங்கே யாருக்கும் அது நோய் இல்லை, வீட்டுக்கு வந்திருக்கும் ஆத்தா. அவளுடைய வேப்பிலையை அரக்கன் கழுத்தில் மாட்டிய மேதை நான்தான்.

"இன்னாபா, ஆத்தாவையே தொடப்பத்தால அடிக்கிறியா?" என்று ஒரு கிழவர் எழுந்தார். அவர் பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். யாரோ கல்லை எடுத்தார்கள். நான் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

நீ ஓடவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாய். "தப்புதான், மன்னிச்சிருங்க. ஆத்தா வந்த வீட்ல இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பச்சப் புள்ளைக்காவது குத்திக்குங்க."

ஒரு பையன் அம்மையில் கிடந்த குடிசைக்கு அடுத்த குடிசைக்காரி முன்னால் நின்றிருந்தாள், இடுப்பில் பத்து மாதக் குழந்தை. "வாயால சொல்றியே நைனா, நீ குத்திக்கினியா? கையக் காட்டு" என்றாள்.

மெல்லச் சட்டையைக் கழற்றினாய். இரண்டு கையிலும் அம்மை குத்திய தழும்பு ஒன்றுகூட இல்லை. அம்மை குத்திய வாரத்திலேயே உன் அண்ணன் ஜுரத்தில் இறந்துபோனதையும், அதன்பிறகு குத்த வந்தவர்களிடமிருந்து உன் அம்மா உன்னை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதையும் பிற்பாடுதான் அறிந்தேன். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கூட்டம் ஓவென்று கத்தியது.

நீ நேரே போய் அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தினாய். "எனக்குப் போடுங்க சார்." ஊசியை நீ பார்க்கவே இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். கத்தல் அடங்கியபின் அவள் குழந்தையின் கையை நீட்டினாள். "எம் புள்ளைக்கு எதுனா ஆச்சி, உன்ன உட மாட்டேன்."

"நாளைக்கும் வரேன்" என்றாய். ஒரு வாரம் காய்ச்சலோடு தினமும் போனாய். அடுத்த குடிசைப் பையன் பிழைக்கவில்லை. இந்தக் குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது, "கதை நல்லாத்தான்டா எழுதியிருந்தே, ஆத்தாவுக்குத்தான் பிடிக்கல" என்று சிரித்தாய். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வேஷத்துக்கு என் தோளில் கரி பூசிவிட்டவனே நீதான். அங்கே சின்ன வயதில் குத்திய இரண்டு தழும்பையும் விரலால் தடவி, "வலிச்சுதாடா?" என்று கேட்டாய். கேலி செய்கிறாய் என்று நினைத்தேன்.

அவள் கையைக் காட்டச் சொன்னபோது நான் வெளியே வந்து, கரியைத் துடைத்து, "இதோ பாரும்மா, எனக்குக் குத்தியிருக்கு" என்று சொல்லியிருந்தால் நீ தனியாக நின்றிருக்க மாட்டாய். கல்லுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். கோழைத்தனம், வேறு பெயரில்லை. நீயோ கடைசிவரை ஒரு வார்த்தை கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாய். தினமும் சட்டை மாட்டும்போது அந்த இரண்டு தழும்பும் கையில் தட்டுப்படுகின்றன.